கொப்பரை வீட்டுப் பச்சை உடம்புக்காரி

மாதூன் கிராமத்தில் ஆளின் பெயரைச் சொல்லி வீடு கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள். இன்ன கொப்பரை வீடு என்று சொல்லிக் கேட்டால் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய் வாசலில் விட்டுவிட்டு வருவார்கள். பெரிய கொப்பரை வீடு, இரட்டைக் கொப்பரை வீடு, வெடித்த கொப்பரை வீடு. யாலி வாழ்க்கைப்பட்டது ஊர்க்கோடியில், சோளக்கொல்லையை ஒட்டியிருந்த நீலக் கொப்பரை வீட்டுக்கு. வாங்கிவந்த அன்று அது நீலமாக இருந்ததாம். அவள் பார்த்த நாள் முதல் கறுப்புதான்.

கொப்பரை என்றால் ஒரு லாரியின் முதுகை அடைத்துக்கொள்ளும் இரும்பு உருளை. பழைய டயர்களை அதன் வாய்வழியே திணித்து, மூடியில் கல்நார்க் கயிறு சுற்றி, களிமண் அப்பி, கீழே தீ மூட்டுவார்கள். உள்ளே காற்று இல்லாததால் ரப்பர் எரியாது; வெந்து, இளகி, ஆவியாகும். அந்த ஆவி குழாய்க்குள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றிவந்து கறுப்பு எண்ணெயாகச் சொட்டும். எண்ணெயாக மாட்டேன் என்று அடம்பிடிக்கும் வாயுவை இன்னொரு குழாய் இழுத்துவந்து அதே அடுப்பில் விட்டுவிடும். அதற்கப்புறம் விறகு வேண்டாம்; டயர் தன்னைத் தானே வேகவைத்துக்கொள்ளும். நன்றாக ஆறிய பிறகு வாயைத் திறந்தால் கறுப்புத் தூளும், சிக்குப்பிடித்த தலைமுடி மாதிரி இரும்புக் கம்பியும் கிடக்கும். எண்ணெய் செங்கல் சூளைக்குப் போகும், தூள் மூட்டையில் போகும், கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போகும். நாற்றத்தை வாங்க மட்டும் ஆள் இல்லாததால் அது எங்கள் ஊரிலேயே தங்கிவிட்டது.

யாலி ஆற்றுக்கு அந்தப் பக்கம், பாய்ஹே ஊர்க்காரி. கல்யாணத்துக்கு முன்னால் தெற்கே ஒரு செருப்புத் தொழிற்சாலையில் அடிப்பாகத்துக்குப் பசை தடவும் வேலையில் இருந்தாள். நாள் முழுக்கப் பசை வாடையில் தலை கிறுகிறுத்தபடி நின்றவளுக்கு, ஊருக்கு வந்துவிடு, நல்ல இடம் அமைந்திருக்கிறது என்று அம்மா போன் செய்தபோது விடுதலை கிடைத்த மாதிரி இருந்தது. தரகுக்காரி மாதூனில் மாடிவீட்டையும் வாசலில் நின்ற காரையும் காட்டினாள். மாப்பிள்ளை ஜான்ஜுன் எதிரே உட்கார்ந்து பூசணி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தான். முகத்தில் என்னமோ குறைகிறதே என்று யாலி பார்த்தாள். புருவம் இல்லை.

"புருவம் எங்கங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"கொப்பரை வாயைத் தெறந்தப்ப போயிடுச்சு. அவசரப்பட்டுட்டேன். திரும்ப வளரும்."

"வளர்ந்ததும் சொல்லி அனுப்புங்க. அப்ப வந்து பாக்கறேன்."

ஜான்ஜுன் விதை புரையேறச் சிரித்தான். அந்தச் சிரிப்புக்குத்தான் யாலி சம்மதித்தாள். நல்ல மனிதன், இன்றைக்கும் அவனைப் பற்றி ஒரு குறை சொல்ல மாட்டாள், ஒன்றைத் தவிர. அவன் அப்பா கெங் எள் என்றால் இவன் எண்ணெயாக நிற்பான். கெங் குள்ளமான ஆள், வாய் ஓயாது, கையுறையைக் கழற்றாமலேகூடச் சாப்பிட உட்காருவார். சோளக்கொல்லையில் உழைத்து ஒன்றும் மிஞ்சாமல், கொப்பரையால் நிமிர்ந்த மனிதர். அதன் மேல் அவருக்கு இருந்த பாசம் பெற்ற பிள்ளை மேல் இருந்ததா என்பது சந்தேகம்தான்.

சோளம் அறுத்து முடிந்த சமயம் யாலிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அவரைக்கொட்டை மாதிரி இருக்கிறது என்று, அந்தக் கொட்டையின் பேராலேயே தோதோ என்று கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே மாமியார் வெளிவாசல் நிலையில் ஒரு முழச் சிவப்புத் துணியைக் கட்டினாள். உள்ளே பச்சை உடம்புக்காரி இருக்கிறாள் என்பதற்கு அதுதான் அடையாளம். வேற்று ஆண்பிள்ளை உள்ளே காலெடுத்து வைத்தால் தாய்ப்பால் அவன் காலோடு போய்விடும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. கூரியர்காரன்கூடத் துணியைப் பார்த்தால் வாசலிலேயே குரல் கொடுத்துவிட்டுப் பொட்டலத்தை வைத்துவிட்டுப் போவான்.

மாசம் முடியும்வரை தாய் வெளியே வரக்கூடாது. தலைக்குத் தண்ணீர் கூடாது, குளிர்ந்தது எதுவும் கூடாது, எல்லாவற்றுக்கும் மேலாகக் காற்று கூடாது. இப்போது மூட்டில் ஏறும் காற்று சாகும்வரை இறங்காது என்பாள் மாமியார். தினைக் கஞ்சி, நாட்டுச் சர்க்கரை, அவித்த முட்டை, மறுபடி முட்டை. யாலியின் தலையில் துண்டைச் சுற்றிவிட்டு, ஜன்னல் இடுக்கெல்லாம் டேப் ஒட்டினாள். பின்பக்க ஜன்னலுக்கு நேரே இருந்தது கொப்பரைக் கொட்டகை. பொழுது சாய்ந்து அடுப்பு மூட்டினால் உறுமல் சுவர் வழியே கட்டிலுக்கு வரும். டேப் காற்றைத்தான் தடுத்தது. நாற்றம் தாராளமாக வந்துபோனது.

யாலி பல்லைக் கடித்துக்கொண்டாள். மாசம் நிறைந்ததும் பிறந்த வீட்டிலிருந்து ஆள் வந்து தாயையும் பிள்ளையையும் அழைத்துப் போவது எங்கள் வழக்கம். கூடு மாற்றுவது என்று பேர். அதைப் புகுந்த வீட்டார் மறுக்க முடியாது. பாய்ஹேயில் அம்மா வீட்டுப் பின்ஜன்னலைத் திறந்தால் ஆற்றங்கரைப் பாப்லார் மரங்கள்தான் தெரியும். அங்கே போனதும் ஜன்னலை விரியத் திறந்துவைத்து, தோதோவை மடியில் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே அவளுடைய ஆசையாக இருந்தது.

அந்த வருஷம்தான் மேலிடம் புகைக்கு எதிராகப் பிடியை இறுக்கியது. தெருவில் ஒலிபெருக்கி வண்டி சுற்றியது. கொப்பரை வைத்திருக்கிற வீட்டுக்குக் கரண்ட் கிடையாது, தண்ணீர் கிடையாது, கொப்பரையை அங்கேயே வெட்டிப் போடுவோம் என்றது. சொன்னபடி செய்தார்கள். இரட்டைக் கொப்பரை வீட்டில் இரண்டையும் கேஸ் கட்டரால் பூசணிக்காய் மாதிரி கீற்றுப் போட்டார்கள். மறுநாள் கெங் வீட்டு வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது. யாலி கட்டிலில் படுத்தபடி எல்லாவற்றையும் கேட்டாள்.

"யாரு உள்ள? கதவைத் தெறங்க. பின்பக்கம் பாக்கணும்."

"ஐயா, கொஞ்சம் தலைக்கு மேல பாருங்க," இது கெங்கின் குரல், வெண்ணெய் தடவின மாதிரி. "துணி கட்டியிருக்கு. மருமக பச்ச உடம்பு. பின்பக்கம் போறதுன்னா அவ அறையத் தாண்டித்தான் போகணும்."

"பின்னால என்ன வெச்சிருக்கீங்க?"

"பன்னிக் கொட்டகை. பன்னியெல்லாம் வித்தாச்சு. வாடை மட்டும் இருக்கு."

பிறகு இளைஞன் ஒருவனின் குரல் கேட்டது. "வேணாம் சார். எம் பொண்டாட்டியும் இப்ப மாசத்துலதான் இருக்கா. நாம உள்ள போயி அந்தப் பொண்ணுக்குப் பால் நின்னுபோச்சுன்னா பாவம் நம்ம தலைல விழும். இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

பூட்ஸ் சத்தம் தேய்ந்தது. அன்று சாயங்காலம் கெங் தன் கையாலேயே கோழிச் சாறு கொண்டுவந்து கதவுக்கு வெளியே நின்று மாமியாரிடம் கொடுத்தார். "எம் பேத்தி ராசிக்காரி! வந்ததும் வராததுமா வீட்டைக் காப்பாத்திட்டா!" என்று சத்தமாகச் சொன்னார். யாலியும் சிரித்தாள். அப்போது அவளுக்கும் அது வேடிக்கையாகத்தான் இருந்தது.

வாரம் போகப் போக ஊரில் ஒவ்வொரு கொட்டகையாக அடங்கியது. கெங் வீட்டில் மட்டும் அடுப்பு எரிந்தது. மற்ற வீட்டுக்காரர்கள் விற்க வழியில்லாமல் வைத்திருந்த டயர்களெல்லாம் இங்கே வந்து குவிந்தன. மழையில் வெளுத்த சிவப்புத் துணியை மாற்றிப் புதுத் துணி கட்டினார் கெங், இந்தத் தடவை மூன்று முழம். பக்கத்து வீட்டு பாங் அக்காவின் கொப்பரை வெட்டுப்பட்டிருந்தது. அவள் வயிற்றெரிச்சலைச் சுவருக்கு மேலே கொட்டினாள்.

"என்ன கெங் அண்ணே, உங்க மருமக இன்னும் பெத்துக்கிட்டேவா இருக்கா? இல்ல, பெத்ததை மறுபடி உள்ள வெச்சுட்டாளா?"

அன்று இரவு எண்ணெய் எடுக்க டாங்கர் லாரி வந்தபோது ஒரு பீப்பாய் எண்ணெய் பாங் அக்கா வீட்டுக்குப் போனது. அதன் பிறகு அவள் சுவருக்கு மேலே தலைகாட்டவில்லை.

மாசம் நிறைந்தது. விருந்து இல்லை, விருந்துக்கு வருகிறவர்கள் கண்ணை மூடிக்கொண்டா வருவார்கள்? யாலி காலையிலேயே எழுந்து தோதோவின் துணிகளை மடித்து வைத்தாள். அண்ணன் யாதொங்கிடம் சொந்த லாரி இருந்தது, ஊர் ஊராகப் பழைய டயர் ஏற்றுகிற லாரி. அதன் ஹாரன் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். லாரி வரவில்லை. மத்தியானம் மாமியார்தான் கஞ்சியோடு வந்தாள்.

"மாமா சொல்றாரு, நீ இன்னும் ஒரு மாசம் இரு. இரட்டை மாசம் இருந்தா உடம்பு இரும்பாயிடுமாம். அந்தக் காலத்துல பெரிய வீட்டுப் பொண்ணுங்க எல்லாம் அப்படித்தான் இருப்பாங்களாம்."

"நான் பெரிய வீட்டுப் பொண்ணு இல்ல அத்தை. செருப்புக்குப் பசை தடவினவ. எனக்கு ஒரு மாசம் போதும்."

"குடி, ஆறிடப்போவுது."

அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மா இழுத்து இழுத்துப் பேசினாள். "உன் மாமனார் அண்ணன்கிட்டப் பேசியிருக்காருடி. என்னமோ ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருக்காங்க. கொஞ்சம் பொறு. காத்து வேற ஜில்லுனு அடிக்குது." பெற்ற தாயும் காற்றையே சொன்னது யாலிக்கு எரிச்சலாக இருந்தது.

இரண்டாம் மாசத்தில் தோதோ இருமத் தொடங்கினாள். பெரிய இருமல் இல்லை. பூனைக்குட்டி தும்முகிற மாதிரி. பால் குடிக்கிற நடுவில் விட்டுவிட்டு இருமிவிட்டு மறுபடி வாய் வைப்பாள். மூக்கடைப்பை எடுக்க யாலி பஞ்சைத் திரித்து உள்ளே விட்டபோது பஞ்சு கறுப்பாக வந்தது. விளக்குக்கு அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். அடுப்படிக் கரி இல்லை, இந்த வீட்டில் கரியடுப்பே கிடையாது. ஜான்ஜுன் கொட்டகையிலிருந்து வந்ததும் அந்தப் பஞ்சை அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். "மழை ஒண்ணு பேஞ்சா தூசி அடங்கிடும்."

"மழையா? உங்க மகளோட மூக்குக்குள்ள மழை பேயுமா?"

"அப்பாகிட்டச் சொல்றேன்."

"நீங்க எப்பவும் சொல்றேன்னுதான் சொல்றீங்க. சொன்னதா ஒரு நாளும் சொன்னதில்ல."

அவன் கண் கலங்கியது. கையைக் கழுவிவிட்டு வந்து குழந்தையைத் தூக்கப் போனவன், கை இன்னும் கறுப்பாக இருந்ததைப் பார்த்துவிட்டுத் தூக்காமல் போய்விட்டான். அவன் மேல் யாலியால் கோபப்படவும் முடியவில்லை.

மறுநாள் மாமியார் காய் நறுக்கிக்கொண்டிருந்த நேரம் பார்த்து யாலி குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு முற்றத்தில் இறங்கினாள். வெளிவாசல் தாழ்ப்பாளில் கை வைத்ததுதான் தாமதம், பின்னாலிருந்து கெங் ஓடிவந்தார். அவளைத் தொடக்கூடாதே, அதனால் கையை அகல விரித்து வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"எங்க போற?"

"ஆஸ்பத்திரிக்கு மாமா. குழந்தை இருமுது."

"டாக்டரைக் கூட்டிட்டு வரச் சொல்றேன். நீ உள்ள போ. தெருவுல நீ நடந்து போறதை நாலு பேரு பாத்தா, அப்புறம் அந்தத் துணிக்கு என்ன மரியாதை?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் சொன்னது சொன்னதுதான். யாலி அவரைப் பார்த்தாள், நிலையில் ஆடிக்கொண்டிருந்த துணியைப் பார்த்தாள். தன் உடம்புக்காக அது கட்டப்பட்டிருக்கவில்லை, அதற்காகத்தான் தன் உடம்பு உள்ளே வைக்கப்பட்டிருக்கிறது என்பது அவளுக்கு அப்போது சந்தேகத்துக்கு இடமில்லாமல் புரிந்தது. வாசல் கதவுக்குத் தாழ்ப்பாள் எப்படியோ அப்படி அந்த வீட்டுக்கு அவள். அதற்குள் மாமியார் ரஜாய்ப் போர்வையோடு ஓடிவந்து, "காத்து, காத்து!" என்று அலறிக்கொண்டே அவளைச் சுருட்டி உள்ளே கொண்டுபோய்விட்டாள். டாக்டர் யாரும் வரவில்லை. இருமல் மருந்து ஒரு பாட்டில் வந்தது.

அதற்குப் பிறகு யாலி அழுதாள், சண்டை போட்டாள், கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டாள். பிரசவித்தவளுக்கு மனசு கொஞ்சம் அப்படித்தான் இருக்கும் என்று மாமியார் எல்லாவற்றையும் துடைத்தெடுத்துவிட்டுப் போனாள். அவள் என்ன சொன்னாலும் அது உடம்பின் கணக்கிலேயே போய்ச் சேர்ந்தது. ஆற்றில் பனிமூட்டம் இறங்கி, புகை மேலே ஏறாமல் தரையிலேயே படுத்துக்கொண்ட நாட்களில் அவள் தோதோவைத் தன் சட்டைக்குள் விட்டுக்கொண்டு, ரஜாயைத் தலைவரை மூடிக்கொண்டு கிடந்தாள்.

பிறகு ஒரு நாள் கெங் தானாகவே கதவுக்கு வெளியே வந்து நின்று தொண்டையைக் கனைத்தார்.

"அண்ணனை வரச் சொல்லிட்டேன். நாளைக்குக் கூடு மாத்திக்க."

யாலிக்குக் காதில் விழுந்ததை நம்ப முடியவில்லை. காரணத்தை மாமியார் முணுமுணுத்தாள்: மாவட்டத்திலிருந்து பெண் அதிகாரிகள் வருகிறார்களாம். பெண்களுக்குச் சிவப்புத் துணி தடை இல்லையே. எந்த வீட்டிலும் நுழைந்து பார்க்கலாம். ஆக, தாழ்ப்பாள் இனி தாழ்ப்பாளாக உதவாது, அதனால் கழற்றி எறிகிறார்கள். எறியட்டும் என்று யாலி நினைத்தாள். தன் வாழ்க்கையில் இவ்வளவு சந்தோஷமாக அவள் எறியப்பட்டதில்லை.

மறுநாள் லாரி வந்தது. ஆனால் அவளை உடனே வெளியே விடவில்லை. சாமான் ஏற்றும்போது கதவு திறந்து திறந்து மூடும், காற்று வரும் என்று உள்ளறையில் வைத்து டி.வி.யைச் சத்தமாகப் போட்டுவிட்டார்கள். வெளியே கிரேன் உறுமியது. ஊரெல்லாம் கொப்பரை வெட்டுகிற நாட்களில் கிரேன் சத்தம் புதிதல்ல. யாலி அதைக் கண்டுகொள்ளவில்லை. மாமியார் வழியனுப்பும் சடங்குக்காக வந்தாள். பாட்டி வீட்டுக்குப் போகும் குழந்தையின் மூக்கு நுனியில் சட்டிக் கரியைத் தொட்டு வைத்து அனுப்ப வேண்டும். திரும்பி வரும்போது கோதுமை மாவைத் தொட்டு வைத்து அங்கிருந்து அனுப்புவார்கள். கரண்ட் அடுப்பில் சமைக்கிற வீட்டில் சட்டிக் கரிக்கு எங்கே போவது? மாமியார் கொஞ்சம் யோசித்துவிட்டு, வராந்தாவில் அடுக்கியிருந்த மூட்டை ஒன்றில் விரலை விட்டு எடுத்து, தோதோவின் மூக்கில் வைத்தாள். டயர்த் தூள். யாலி தட்டிவிடுவதற்குள் வைத்துவிட்டாள்.

"கரி கரிதானே," என்றாள் மாமியார். அவள் வரையில் அது உண்மை.

வாசலில் லாரி நின்றது. பின்னால் யாலியின் சீதன அலமாரி, சிவப்பு ரஜாய்கள், தொட்டில், மேலே தார்ப்பாய். கூடு மாற்றுகிறவளுக்கு இத்தனை எதற்கு என்று அவள் கேட்கவில்லை. ஜான்ஜுன் அவளைத் தாங்கிப் பிடித்து முன்சீட்டில் ஏற்றினான். அவள் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. தன் கோட்டைக் கழற்றி அவள் முழங்காலில் போர்த்தினான்.

"அண்ணன்கிட்டச் சொல்லு," என்றான் மெதுவாக. "பாலத்துல மெதுவாப் போகச் சொல்லு."

லாரி நகர்ந்தது. இரண்டு மாசத்துக்குப் பிறகு யாலி முழு வானத்தைப் பார்த்தாள். அறுத்த கொல்லை, வேலியோரம் ஒரு ஆடு, வெற்று மரம், எல்லாமே நன்றாக இருந்தன. அவள் வாயாடத் தொடங்கினாள். அம்மா என்ன சமைக்கிறாள், ஆற்றில் தண்ணீர் இருக்கிறதா என்றெல்லாம் கேட்டாள். யாதொங் உம் கொட்டிக்கொண்டு வண்டியை ஓட்டினான். ஊர் தாண்டி முதல் வாய்க்கால் பாலத்தில் ஏறியபோது லாரி திணறியது. கியர் மாற்றி, மறுபடி மாற்றி, முக்கி முனகி ஏறியது. பின்னால் ஏதோ கனத்த இரும்பு அசைந்து ணங் என்றது. அந்தச் சத்தத்தை யாலி இரண்டு மாசம் சுவர் வழியே கேட்டிருக்கிறாள்.

"அண்ணா, பின்னால என்ன இருக்கு?"

"உன் அலமாரிதான்."

"என் அலமாரி ஒட்டுப்பலகை. நான் ஒத்தையாத் தூக்குவேன். என்ன இருக்குன்னு கேட்டேன்."

யாதொங் கண்ணாடியில் பின்னால் பார்த்தான், முன்னால் பார்த்தான். "எல்லாம் உனக்கும் நல்லதுக்குத்தான் யாலி. உன் மாமனாரும் நானும் பாதிப் பாதி. பாய்ஹே வேற மாவட்டம், இன்னும் சோதனை ஆரம்பிக்கல. மாதூன்லயே வெச்சு அவங்க வெட்டிப்போட்டுட்டா எல்லாமே போச்சு. அஞ்சாறு மாசம் ஓட்டினா போதும்."

"எங்க வைக்கப்போற?"

"நம்ம பன்னிக் கொட்டகைல."

பன்றிக் கொட்டகை அம்மா வீட்டுப் பின்ஜன்னலுக்குக் கீழே இருந்தது. குழந்தை இருமியது.

"நம்ம வாசல்லயும் துணி கட்டுவீங்களா?"

யாதொங் சாலையைப் பார்த்தபடியே சொன்னான். "உன் மாமனார் சொன்னாரு, கூடு மாத்தி வந்தவளுக்கும் கொஞ்ச நாள் கட்டலாமாம். யாரும் தப்பாச் சொல்ல மாட்டாங்களாம். கேளு, செக்போஸ்ட் வருது. நீ ஒண்ணும் பேச வேணாம். சும்மா உக்காந்திரு. குழந்தை முகம் தெரியற மாதிரி பிடிச்சுக்க, அது போதும்."

அது போதும். மாமனார் வீட்டில் அவள் சும்மா படுத்திருந்தது போதுமாக இருந்தது. இங்கே சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். அங்கே போய்ச் சும்மா இருந்தால் போதும். யாலிக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. சொந்த அண்ணன், தோளில் தூக்கிவைத்துக்கொண்டு திருவிழாவுக்கு அழைத்துப் போனவன், அவளை ஒரு தார்ப்பாய் மாதிரி கொப்பரை மேல் விரித்துக்கொண்டு போகிறான். பாதிப் பாதியில் அவள் பங்கு எது, தோதோவின் பங்கு எது என்று ஒருவரும் கேட்கவில்லை.

நெடுஞ்சாலை முகப்பில் தடுப்புக் கம்பி போட்டிருந்தார்கள். கொப்பரைகளை உறவுக்காரர் ஊர்களுக்குக் கடத்துகிறார்கள் என்று தெரிந்து, வெளியே போகிற லாரிகளை நிறுத்திச் சோதித்தார்கள். கைப்பட்டை கட்டிய இரண்டு ஆண்களும், தடித்த கோட்டில் ஒரு பெண் அதிகாரியும் நின்றார்கள். ஆண்களில் ஒருவன் தார்ப்பாய்க் கயிற்றில் கை வைக்கப் போனான். அதிகாரி அதற்குள் முன்கண்ணாடி வழியே உள்ளே பார்த்துவிட்டாள். சிவப்பு ரஜாய், தலையில் துண்டு, கையில் மூக்கில் கரி வைத்த குழந்தை. அவள் முகம் மலர்ந்தது. ஜன்னல் பக்கம் வந்து விரலால் தட்டினாள். யாதொங் ஒரு சாண் இறக்கினான்.

"கூடு மாத்தப் போறாளா?"

"ஆமாக்கா. என் தங்கச்சி. பாய்ஹேக்கு."

"ஐயோ, மூக்கைப் பாரு! எங்க ஊர்லயும் இப்படித்தான் வெப்போம். பொண்ணா? ராஜாத்தி மாதிரி இருக்கா." ஆண்களைப் பார்த்துக் கையசைத்தாள். "விடுங்கப்பா, விடுங்க, பச்ச உடம்புக்காரி போறா. நீங்க கண்ணாடிய ஏத்துங்க, காத்து அடிக்குது."

கம்பி மேலே எழும்பத் தொடங்கியது. யாதொங்கின் தோள் தளர்ந்தது. யாலி ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கம்பி எழும்பும், லாரி போகும், பாய்ஹேயில் அம்மா வாசலில் நிற்பாள். இறங்கினால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரிந்தது. அண்ணனைப் பிடிப்பார்கள், மாமனாரைப் பிடிப்பார்கள், புருஷனையும் விட மாட்டார்கள். மாதூனிலும் பாய்ஹேயிலும் அவளை நல்லவிதமாகப் பேச ஒரு வாய் இருக்காது. ஜான்ஜுனை நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதுகொண்டே கதவுக் கைப்பிடியை இழுத்தாள்.

"யாலி! காத்து!" என்று கத்தினான் யாதொங்.

அவள் இறங்கிவிட்டாள். லாரிப் படி உயரமாக இருந்தது. குழந்தையோடு தடுமாறி, சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காற்று நிஜமாகவே கடுமையாக அடித்தது. கண்ணில் நீர் வந்தது, காது விறைத்தது. தலைத் துண்டை அவிழ்த்துத் தோதோவின் முகத்தைச் சுற்றி மறைத்துக்கொண்டு நடந்தாள்.

"ஏம்மா, ஏம்மா! எங்க போற?" பெண் அதிகாரி பதறிப்போய்ப் பின்னால் வந்தாள். தொடத் தயங்கிக் கையை மட்டும் நீட்டினாள். "இந்தக் காத்துல நடக்கலாமா? உனக்கு என்ன ஆச்சு?"

"பாய்ஹேக்குப் போறேங்க. பஸ் எங்க நிக்கும்?"

"உனக்குத்தான் லாரி நிக்குதே!"

"அது எனக்காக வரலைங்க."

யாதொங் கதவைத் திறந்துகொண்டு பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தான். முகம் வெளுத்துப்போயிருந்தது. எல்லோரும் கேட்கிறார்கள் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை. "யாலி, ஏறு! சொன்னாக் கேளு! நீ பாட்டுக்கு இப்படிப் போனா நான் அம்மாகிட்ட என்னன்னு போய்ச் சொல்லுவேன்?"

யாலி திரும்பினாள். கைப்பட்டைக்காரர்கள் இருவரும் கம்பியை அப்படியே பாதியில் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார்கள். தெளிவாகவே சொன்னாள்:

"நானும் பாப்பாவும் வந்துக்கிட்டிருக்கோம்னு சொல்லு. கொப்பரை வரலைன்னு சொல்லு."

பெண் அதிகாரி மெதுவாக லாரியின் பின்பக்கம் திரும்பினாள். ஒருவன் தார்ப்பாய்க் கயிற்றை அவிழ்க்கப் போனான். யாலி அதற்குள் கம்பியின் கீழே குனிந்து அந்தப் பக்கம் போயிருந்தாள்.